காட்டு நீலத்துக்கு ஒரு மாற்று

வாத்து இறகுகளை அக்காதான் கழுவுவாள். பாத்திரம் துலக்கும் சோப்பை வெந்நீரில் கரைத்து, சமையலறைத் தொட்டியில் இறகுகளை அமுக்கி அமுக்கி அலசுவாள். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் சாயம் ஏறாது.

"அண்ணி, இதுலதான் நான் காய் கழுவணும். ஞாபகம் இருக்கட்டும்" என்று தம்பி மனைவி மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்தினாலும் நகரமாட்டாள். அக்கா எதில் எதைக் கலக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கணவன் இன்னொருத்தியோடு போனபின் ஒற்றைப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள் அக்கா. தம்பிக்குத் தூண்டில் சாமான் கடை. கடையின் பின்னறையைக் கொடுத்தான். "சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமேக்கா" என்று, பிய்ந்துபோன ஒரு பொய்ப்பூச்சியையும் கையில் கொடுத்தான். தூண்டில் முள்ளில் இறகும் பட்டுநூலும் சுற்றி, நிஜப் பூச்சிதான் என்று மீன் வாயைத் திறக்கும்படி கட்டுவது அது. அக்கா அதைப் பிரித்தாள், கட்டினாள், மறுபடி பிரித்தாள். வருஷம் திரும்புவதற்குள் கடையின் பெயர் ஊர் தாண்டியது.

பெயர் வாங்கித் தந்தது காட்டு நீலம். ஏதோ தூரதேசத்துப் பறவையின் கழுத்து இறகு. அதில் கட்டிய பூச்சியை யாரும் ஆற்றில் போடமாட்டார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அழகு பார்ப்பார்கள். பறவையைப் பிடிக்கத் தடை வந்ததும் இறகு வரத்து நின்றது. இருந்த டப்பாவைத் தம்பி அலமாரியில் வைத்துப் பூட்டினான். ஓர் இழை முறிந்தாலும் போச்சு என்று அக்காவைத் தவிர யாரையும் தொடவிடவில்லை. மனைவி ஒருமுறை ஆசையாய் எடுத்துப் பார்த்ததற்கு, கடை ஆட்கள் முன்னாலேயே அவளைக் கிழி கிழியென்று கிழித்தான். அவள் அதை மறக்கவில்லை.

டப்பா காலியாகிக்கொண்டு வந்தது.

"மாத்து ஏதாவது கண்டுபிடிக்கா. இல்லேன்னா கடையும் இல்ல, உனக்கு இந்த ரூமும் இல்ல" என்றான் தம்பி.

புறா இறகில் சாயம் திட்டுத்திட்டாய் நின்றது. கோழி இறகு தொய்ந்தது. வாத்து இறகு விறைப்பாக நின்றது, ஆனால் அதில் ஏறியது பிளாஸ்டிக் வாளி நீலம். அக்கா அசல் இறகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீலத்துக்கு அடியில் இருட்டு இருந்தது. முதலில் கெட்டித் தேயிலைச் சாற்றில் ஊறவைத்துப் பழுப்பாக்கி, அதன்மேல் வினிகர் விட்டு நீலம் ஏற்றினாள். காய்ந்து நிமிர்ந்த இறகை அசலுக்குப் பக்கத்தில் வைத்தபோது அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

கடையின் பழைய வாடிக்கையாளரான வக்கீல் முன்னால் தம்பி இரண்டு பூச்சிகளை வைத்தான். "எது அசல், சொல்லுங்க சார்!" வக்கீல் பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வாத்து இறகில் கட்டியதைத் தொட்டார். தம்பி மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

"அண்ணி எதுக்கு வேணா மாத்து கண்டுபிடிச்சிடுவாங்க சார். புருஷனுக்குத்தான் கிடைக்கல!" என்றாள் தம்பி மனைவி.

வக்கீலும் சிரித்தார். அக்காவும் சிரித்துவைத்தாள். அறை நிலைத்துவிட்டது என்ற சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த வாரம் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தபோது, பின்னறையில் அவள் கட்டில் சுவரில் நிறுத்திச் சாத்தப்பட்டிருந்தது. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸின் முன்னால் தம்பியின் மச்சினி உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, இழை முறியுது பாரும்மா!"

"முறியட்டும் அண்ணி. வாத்துதானே? மூட்டை மூட்டையா வாங்கலாம்" என்றாள் வாசலில் நின்ற தம்பி மனைவி. "சாயம் நான் பாத்துக்கறேன். இவ்வளவு நாள் சும்மாவா நின்னேன்?"

பின்னாலேயே தம்பி வந்தான். "அக்கா, இவளுக்கும் ஒரு பொழப்பு வேணும்ல. சித்தி வீட்டுல பேசிட்டேன். சித்தப்பா படுத்த படுக்கையாச்சே, அள்ளிப் போட ஆள் கிடைக்கலையாம். நாளைக்கே வரச் சொன்னாங்க."

"இவ கட்டினதைப் பாருடா. தலை கோணிக்கிடக்கு. யாரு வாங்குவா?"

"பத்து கட்டினா ரெண்டு தேறாதா? முன்னன்னா இறகு வீணாயிடுமேன்னு பயம். இப்ப அந்தக் கவலையே இல்லாம பண்ணிட்டியேக்கா நீ!" அவன் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே மெச்சினான்.

அக்கா வைஸைப் பார்த்தாள். அதில் பாதி கட்டிய பூச்சி ஒன்று நூல் தொங்க நின்றது.

"இந்த வைஸையாவது நான் எடுத்துட்டுப் போகட்டுமாடா?"

மச்சினி கையை எடுக்கவில்லை. தம்பி கட்டிலைத் தூக்கித் தோளில் சாய்த்து, நிலையில் இடிக்காமல் பக்கவாட்டில் திருப்பி, அறையைவிட்டு வெளியே போனான்.