பூட்டன் கொண்டுவந்த பிடிமண்

எங்கள் பூட்டன் பஞ்ச காலத்தில், மீசை முளைக்காத வயசிலேயே, கடலோரத்திலிருந்து ஒரு சோடி மாட்டை ஓட்டிக்கொண்டு சிக்கல் பக்கம் வந்து காடு திருத்தினார். வரும்போது ஏர்வாடிப் பக்கமிருந்த குலசாமி கோவில் மண்ணை ஒரு பிடி முடிந்துவந்து, ஊரில் கருப்பனுக்குப் பீடம் போட்டார். நான் கேட்டு வளர்ந்தது இவ்வளவுதான். ஆதிக் கோவிலுக்கே பங்காளி நாங்கள் என்று நிமிர்ந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். படிப்பு இரண்டாம் வகுப்பு. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

தம்பி மகளுக்குப் பூ வைத்துப் போன மாப்பிள்ளை வீட்டார், பேச்சோடு பேச்சாகத் தங்கள் குலசாமி ஏர்வாடிக்கு மேற்கே இருப்பதாகச் சொன்னார்கள். நான் காப்பித்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். பூட்டன் மண் எடுத்த கோவில் அதுதான். முதலில் சாமி கேட்டபோது அவர்களும் கருப்பன் என்றார்கள், நாங்களும் கருப்பன் என்றோம். நாட்டில் கருப்பனுக்கா குறைச்சல் என்று விட்டுவிட்டோம். ஒரே கோவில் பங்காளி என்றால் அண்ணன் தங்கை முறை. தாலி எப்படிக் கட்டுவது?

தெரியாத மாதிரி இருந்துவிடலாம் என்றான் தம்பி. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுகக் கருவேலங்காடு.

பூட்டன் கதையை முழுக்கச் சொல்லியும் கோவில் பூசாரிக்கு அவர் பேர் தெரியவில்லை. மண் எடுத்துப் போனவர்கள் எத்தனையோ ஊர் என்றார். பிறகு கேட்டார்:

"உங்க பீடத்துல அருவா நட்டிருக்கா ஆத்தா?"

வெறும் கல்தான், எங்கள் கருப்பன் சாந்தமானவர் என்று அதையும் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரித்தார்.

"அப்ப நீங்க பங்காளி இல்ல. ஆம்பள வழிக்கு மண்ணோட அருவாளும் குடுப்போம். கட்டிக்குடுத்த பொண்ணு வந்து கேட்டா மண்ணு மட்டுந்தான். உங்க பூட்டன் வாங்கல, அவரப் பெத்தவ மடியில வாங்கிட்டுப் போயிருக்கா."

"அப்ப மாமன் மச்சான் மொறதானக்கா" என்றான் தம்பி. அவனுக்கு உயிர் வந்துவிட்டது. நான் அங்கனயே உட்கார்ந்துவிட்டேன். மாடும் பிள்ளையுமாக ஒருத்தி அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொல் இல்லை. புருசன் செத்தானா, விரட்டினானா?

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். பையனின் பெரியப்பா விடவில்லை.

"இம்புட்டு நாளும் கோவிலே உங்களுதுங்குற மாதிரியில்ல பேசுனீக?"

"எங்களுது இல்ல. அந்தக் கோவில் பொண்ணு பெத்த வழி நாங்க" என்றேன். அவர் நாள் பார்க்கச் சொன்னார்.

நாளும் குறித்தாயிற்று. பத்திரிகையில் எந்தக் குலசாமி பேரைப் போடுவது என்று அச்சாபீசில் கேட்கிறார்கள். பூட்டனின் தகப்பன் எந்த ஊர், அவர் கும்பிட்ட சாமி எது, எந்தக் காட்டில் விளக்கில்லாமல் கிடக்கிறதோ தெரியவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.