பக்கத்து இருக்கையில் பிரேக் இல்லை

"கால்ல என்ன பண்ணிட்டிருக்க?"

"ஒண்ணுமில்லையே."

"தரையைப் போட்டு இந்த மிதி மிதிக்கிற. உன் பக்கம் பிரேக் கிடையாது, தெரியும்ல?"

"கொஞ்சம் மெதுவாப் போங்களேன்."

"இதெல்லாம் ஒரு வேகமா? பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ மகாராணி."

எனக்கும் என் கணவருக்கும் கல்யாணமான மூன்றாவது வாரம் நடந்த பேச்சு இது. பேய்க் கதை சொல்கிறேன் என்று கூப்பிட்டுவிட்டு இவள் எதற்குக் குடும்பக் கதையை ஆரம்பிக்கிறாள் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே கதைதான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. இருட்டில் இல்லை, மொட்டை வெயிலில், முன்னும் பின்னும் லாரிகள் போய்க்கொண்டிருந்த நாலுவழிச் சாலையில் நடந்தது. ராத்திரியில் நடந்திருந்தால் நாலு பேராவது நம்பியிருப்பார்கள். பட்டப்பகல் என்றதும் "வெயில் தலைக்கு ஏறியிருக்கும்" என்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இன்றுவரை நான் எந்தக் காரிலும் முன் இருக்கையில் உட்காருவதில்லை.

என் கணவருக்கு வேலை, கார்களைச் சோதித்துப் பார்த்து எழுதுவது. பத்திரிகையில் 'புதுசா, பழசா?' என்று மாதாமாதம் ஒரு பத்தி. ஒரு மாடலை எடுத்துக்கொள்வார். காலையில் ஷோரூமில் புத்தம்புதியதை ஓட்டுவார். மதியம் அதே மாடலில் நாலைந்து வருடம் ஓடிய வண்டியைத் தேடிப் பிடித்து ஓட்டுவார். எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வார். வாசகர்களுக்கு அவர் சொன்னதுதான் வேதம்.

ஒவ்வொரு சோதனைக்கும் நான் பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டும். பத்தியின் கடைசியில் 'குடும்பத்தின் கருத்து' என்று நாலு வரி வருமே, அதற்காக. அந்த நாலு வரியையும் அவரேதான் எழுதுவார். 'என் மனைவிக்கு இருக்கையின் மென்மை மிகவும் பிடித்துவிட்டது.' நான் அப்படிச் சொன்னதே இல்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை.

அந்த மூன்றாவது வாரப் பேச்சும் அச்சில் வந்தது. 'பக்கத்தில் உட்கார்ந்து மெதுவா, மெதுவா என்று அலறும் மனைவி உள்ளவர்கள் இந்த வண்டியை வாங்க வேண்டாம். அல்லது மனைவியை மாற்றிப் பார்க்கவும்.' ஊரே சிரித்தது. என் சொந்த அண்ணன் போன் போட்டுச் சிரித்தான்.

அதன்பிறகு நான் மெதுவாகப் போகச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வேண்டுகோள் ஒன்று தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு நடந்துபோவதற்கான ஒரே ஒரு வாக்கியம். பதினொரு வருடம் அதை விழுங்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் நாக்கு நுனிவரை வரும். வளைவு முடிந்ததும் உள்ளே போய்விடும்.

அந்த மாதம் அவர் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஸ்போர்ட் செடான். பார்க்க அடக்கமாக இருக்கும். நாலு கதவு, பின்னால் டிக்கி, உள்ளே மட்டும் ஓட்டப்பந்தயத்துக்கான எஞ்சின். 'குடும்பத்துக்கு' என்று சொல்லி ஆண்கள் தங்களுக்காக வாங்கிக்கொள்ளும் வகை.

காலையில் புதிய வண்டியை ஓட்டினோம். ஸ்டியரிங் கத்தி மாதிரி இருக்கிறது என்றார். பின் இருக்கையில் முழங்கால் இடிக்கிறது என்றார். எஞ்சினும் கியரும் நாலு வருடத்துக்கு முந்தையதேதான், வெளித்தோலை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், நன்றாக வைத்திருந்த பழைய வண்டி கிடைத்தால் அதுதான் புத்திசாலித்தனம் என்று பாதித் தீர்ப்பை அங்கேயே எழுதிவிட்டார்.

மதியம் பழைய கார்கள் விற்கும் இடத்துக்குப் போனோம். வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே அடர்சிவப்பில் அது நின்றது. புரோக்கர் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ரெண்டு கைதான் மாறியிருக்கு சார். முதல் ஆள் ஒரு வருஷம்கூட வெச்சிருக்கல. பொண்ணு மாதிரிப் பார்த்துக்கிட்ட வண்டி."

"எல்லாப் புரோக்கரும் இதையேதான் சொல்றீங்க. உங்களுக்கெல்லாம் எத்தனை பொண்ணுய்யா?" என்றார் இவர்.

இவரிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும். அதை ஒவ்வொரு இடமாக ஒற்றிக்கொண்டே சுற்றி வந்தார். எல்லா இடத்திலும் ஒரே எண். நான் உட்காரவேண்டிய பக்கத்து முன் கதவில் மட்டும் இரண்டு மடங்கு.

"கதவு மாத்தியிருக்கே."

"சின்ன இடி சார். கதவு மட்டும்தான்."

"அதெப்படி கதவு மட்டும்? முன்னாடி பின்னாடி ஒரு கீறல்கூட இல்ல."

"எங்கயாச்சும் தொறந்து வெச்சிருப்பாங்க. எவனாச்சும் உரசிட்டுப் போயிருப்பான்."

இவர் என் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தினார். "கவனிச்சியா? மூடியிருந்தா சுத்தியிருக்கிறதும் நசுங்கும். கதவு தொறந்திருந்தாத்தான் கதவு மட்டும் போகும்."

கவனித்தேன். அன்றைக்கு அது வெறும் பாடம்.

பிறகு ஓட்டுநர் பக்கம் குனிந்து பெடல்களின் ரப்பரைத் தடவிப் பார்த்தார். மீட்டரைக் குறைத்துக் காட்டி ஏமாற்றினாலும் பெடல் பொய் சொல்லாதாம். "தேயவே இல்ல. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் நிஜம்தான்." முகம் மலர்ந்துவிட்டது.

என் பக்கம் அவர் குனியவில்லை. என் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

உட்கார்ந்தேன். காலடியில் புத்தம்புதிய மேட். கால் வைத்ததும் வழுக்கி நகர்ந்தது. அடியில் இருந்த கார்ப்பெட்டில் ஓர் ஓட்டை.

வலது காலுக்கு நேராக மட்டும். ஒரு பாதத்தின் முன்பாதி அளவு. நூலெல்லாம் போய், கறுத்த தகரம் தெரிந்தது.

"இங்க பாருங்களேன்."

எட்டிப் பார்த்தார். "எலி."

"மேட் போட்டா தெரியாதுக்கா," என்றான் புரோக்கர்.

எலி கடித்தால் பிய்ந்திருக்கும். இது தேய்ந்திருந்தது. மாடிப்படியின் நடுப்பகுதி தேயுமே, அப்படி. செருப்போடு காலை அதில் வைத்துப் பார்த்தேன். இருக்கையை நகர்த்தவில்லை. சாயவில்லை. நீட்டவில்லை.

கச்சிதமாகப் பொருந்தியது.

மணி மூன்று நாற்பது. புறவழிச் சாலையில் ஏறினோம்.

டிங்... டிங்... டிங்...

"பெல்ட்டைப் போடு."

"போட்டிருக்கேன்."

கழற்றித் திரும்பப் போட்டேன். சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் போனதும்...

டக்.

என் பக்கத்துக் கதவின் பூட்டு திறந்துகொண்டது. இந்த வண்டிகளில் ஓட ஆரம்பித்ததும் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொள்ளும். இவர் பொத்தானை அழுத்தினார். டக். பூட்டியது. இரண்டு லாரிகளைத் தாண்டியிருப்போம்.

டக்.

என் கதவு மட்டும்.

"கதவு மாத்தினவன் ஒயரை ஒழுங்கா கொடுக்கல," என்று போனில் குரலைப் பதிவு செய்துகொண்டார். கூடவே, "பக்கத்தில் அமர்பவருக்குக் கால் நீட்ட இடம் தாராளம்" என்றும்.

நூறு. நூற்றுப் பத்து. நூற்று இருபது. முன்னால் ஒரு பஸ்சின் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கால் தன்னால் தரையை மிதித்தது. பதினொரு வருடப் பழக்கம்.

தரை அமுங்கியது.

வண்டி வேகம் குறைந்தது.

"என்னாச்சு? நீ எதையாவது தொட்டியா?"

"இல்லையே."

மறுபடி ஆக்சிலேட்டரை அழுத்தினார். மறுபடி நூற்று இருபது. வேண்டுமென்றே மிதித்தேன். அமுங்கியது. குறைந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி என் காலுக்குக் கட்டுப்பட்டது. இன்னொரு தடவை மிதித்தேன். போதும் என்று காலை எடுக்கப் போனேன்.

எடுக்க முடியவில்லை.

என் காலின்மேல் ஒரு கால் இருந்தது.

குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. என் பாதம், என் செருப்பு, அவ்வளவுதான். ஆனால் செருப்பின் வார் தட்டையாக அமுங்கிக் கிடந்தது. மேலே இருந்தது வெறும் கால். ஈரச்சாக்கு மாதிரிக் குளிர்ச்சி. விரல்கள் ஒவ்வொன்றாக ஊன்றிக்கொள்வது தெரிந்தது...

டக்.

பூட்டு.

என் இடது கை மடியிலிருந்து எழுந்தது.

நான் எழுப்பவில்லை.

கதவின் கைப்பிடியில் போய் அமர்ந்தது.

விரல்கள் மடங்கின...

வெளியே தார்ச்சாலை பறந்துகொண்டிருந்தது.

"ச்சே!" என்று இவர் ஸ்டியரிங்கைக் குத்திவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். வேகம் செத்ததும் கால்மேல் இருந்த பாரம் போய்விட்டது. கை என் கையாகிவிட்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். புறங்காலில் வெளிறிப்போன ஐந்து சின்ன வட்டங்கள். ரத்தம் திரும்பியதும் ஒவ்வொன்றாக மறைந்தன. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"பிரேக் ஒட்டுது. சின்ன வேலைதான்," என்றார் இவர். "இதைச் சொல்லியே விலையைக் குறைச்சிடலாம். இதை நமக்கே எடுத்துக்கலாம்னு பார்க்கிறேன்."

"எனக்கு வேண்டாங்க."

"நீயா ஓட்டப்போற?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. நாலாம் நாள் வண்டி எங்களுடையது.

இரண்டாவது சாவி பழைய ஓனரிடம் இருந்தது. அதை வாங்கிவர அவர் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. பகலிலும் திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார். ஷூ அலமாரியில் ஆண் செருப்புகள் மட்டும். நாற்பது வயதிருக்கும், தணிந்த குரல். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நான்தான் கேட்டேன். "அந்தக் கதவு எப்படிங்க போச்சு?"

இவர் என்னை முறைத்தார். ஓனர் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என் வீட்டுக்காரி தொறந்துட்டா. ஓடும்போதே."

"லாக் ஆகியிருக்குமே," என்றார் இவர். அப்போதும் வண்டியைத்தான் கேட்டார்.

"ஆகியிருந்துச்சு சார். ரெண்டு தடவ நானே பூட்டினேன். கதவு கம்பத்துல அடிச்ச சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். சீட்டுல ஆள் இல்ல."

கையிலிருந்த சாவியைப் பார்த்தபடியே அவர் தொடர்ந்தார்.

"அதுக்கு முந்தி ஒரு மாசமாச் சொல்லிட்டிருந்தா. வண்டில உட்கார்ந்தா யாரோ காலை மிதிக்கிறாங்கன்னு. நான் சிரிச்சேன்... நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா? கேக்கவே இல்லையே அவ."

என் புறங்கால் குளிர்ந்தது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இவரிடம்கூட.

"கீழ கார்ப்பெட்டுல ஒரு ஓட்டை... அவங்க மிதிச்சு மிதிச்சுத் தேய்ஞ்சதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க. நான் வாங்கும்போதே அது அப்படித்தான் இருந்துச்சு. ஒன்பது மாசம் ஓடின வண்டி, அதுக்குள்ள எப்படித் தேயும்னு நானே கேட்டேன். எலின்னாங்க."

"முதல்ல வெச்சிருந்தவர்?"

"பார்த்ததில்ல. வீட்டுல ஒரு துக்கம், அதான் விக்கிறார்னு சொன்னாங்க. என்ன துக்கம்னு நான் கேக்கல."

படியிறங்கும்போது இவர் சொன்னார். "பாவம், மனசு சரியில்லாத பொண்ணு போல. நீ இதை யார்கிட்டயும் உளறிவைக்காத. நாளைக்கு விக்கும்போது விலை போயிடும்."

உட்கார்ந்தேன். ஏன் மறுபடி அந்த வண்டியில் உட்கார்ந்தேன் என்று கேட்காதீர்கள். இவர் கதவைத் திறந்தால் நான் உட்காருவேன். பதினொரு வருடமாக அப்படித்தான்.

புறவழிச் சாலை. எண்பது. நூறு.

டிங்... டிங்... டிங்...

"பெல்ட்டு."

போட்டிருந்தேன்.

டக்.

அது வந்தது. குளிர்ந்த வெறுங்கால். என் காலின்மேல்.

இந்தத் தடவை அழுத்தவில்லை.

சும்மா இருந்தது. காத்திருப்பதுபோல...

நூற்று இருபது.

என் இடது கை எழுந்தது. வலது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன, தரையை மிதிக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார் இவர். "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ."

நான் மூடவில்லை.

"என்னங்க."

"ம்?"

"வண்டிய நிறுத்துங்க. நான் இறங்கிக்கிறேன்."