மலர் கவிழ்த்த தட்டு

அந்தக் கதைப் புத்தகத்தைத் திறந்தாலே பெருங்காய வாசனை அடிக்கும்...

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், மளிகைக் கடை. சென்னையிலிருந்து மாமா வாங்கி வந்த மூன்று பாகங்களையும் அம்மா கண்ணில் படாமல் பெருங்காய டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அப்போது பத்தாம் வகுப்பு.

தமிழில் மொழிபெயர்த்த வெளிநாட்டு நாவல். ஒரு நகரம், சுற்றிலும் மதில். உள்ளே இருப்பவர்களுக்கு ஆறு நிறையத் தண்ணீர். வெளியே இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு குடம், அதுவும் வாயை மூடிக்கொண்டு இருந்தால்தான். வெளியிலிருந்து உள்ளே வேலைக்குப் போகிறாள் ஒரு பெண், எங்கள் வயதுதான். அவள் ஒருநாள் உள்ளே இருந்து கதவைத் திறந்துவிடுவாளா, மாட்டாளா... மூன்று பாகமும் அதுதான் கதை.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் மலர். கல்வராயன் மலையில் கரியாலூரையும் தாண்டி அவள் ஊர். இங்கே ஒரு விடுதியில் தங்கிப் படித்தாள். விடுதியின் பேர் வேண்டாம், விடுங்கள். நான் கதை சொல்ல ஆரம்பித்ததும் கையை நீட்டிவிட்டாள்.

"நீ சொல்லாத. குடு, நானே படிச்சிக்கிறேன்."

விடுதியில் பாடப் புத்தகம் தவிர எது கண்ணில் பட்டாலும் வார்டன் பிடுங்கிக்கொள்வார். அதனால் அட்டையைக் கிழித்து, தையலைப் பிரித்து, புத்தகத்தைக் கற்றை கற்றையாக ஆக்கினோம். ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டும் நூலால் கட்டி, அவள் அறிவியல் புத்தகத்தின் பிரவுன் ஷீட்டுக்குள் செருகிவிடுவேன். அங்கே அது கை மாறிக் கை மாறிப் போகும். சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டேகூடப் படிப்பார்களாம்.

மலர் அதை ரசித்துப் படித்தாள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"இன்னாடி இது, எங்க ஹாஸ்டல பாத்து எழுதினா மாதிரி கீது? எங்களுக்கும் குளிக்க ஒரு பக்கெட்டுதான். கேட்டா, 'மலையில இருந்து வந்தவளுங்களுக்கு இதுவே ஜாஸ்தி'ன்னு சொல்லுது அந்தம்மா."

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லீவு விட்டால் காரை எடுத்துக்கொண்டு மலையேறி, அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு வருகிற ஊர் இது. அந்த மலைப் பிள்ளைக்கு ஒரு பக்கெட் தண்ணீர் ஜாஸ்தியாம்...

இரண்டாம் பாகம் முடிந்த சமயம், ஒருநாள் காலை விடுதி உப்புமாவில் புழு.

மலர் கத்தவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைக் கவிழ்த்தால், அதைவிட அவமானம் போட்டவர்களுக்கு வேறு கிடையாது. பக்கத்தில் இருந்தவள் கவிழ்த்தாள். அதற்கடுத்தவள்... கடைசியில் வரிசை முழுக்கக் கவிழ்ந்த தட்டுகள்.

உடனே பெட்டியெல்லாம் சோதனை. கற்றை மாட்டிக்கொண்டது. மலரின் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டுக் கீழே வந்து கைகட்டி நின்றார்.

"கண்ட புக்க படிச்சி கெட்டுப்போச்சி உங்க பொண்ணு. ஒரு வாரம் வூட்டுல வச்சி புத்தி சொல்லி அனுப்புங்க," என்றார் வார்டன்.

புழுவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

மூன்றாம் பாகத்தை மலைக்குப் போகும் பஸ்ஸில் அனுப்பினேன். மலைக் கடைகளுக்குச் சரக்கு ஏற்ற அந்த பஸ் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். கண்டக்டர் அண்ணன் ஒரு கற்றையைக் கொண்டுபோய்க் கொடுத்து, படித்து முடித்ததை வாங்கி வருவார்.

"அந்தப் பொண்ணு ஸ்டாப்புலயே வந்து நின்னுக்கினு கீதும்மா. அடுத்தது எப்பன்னு கேக்குது."

கடைசிக் கற்றை மட்டும் நூல்கூட அவிழ்க்காமல் திரும்பி வந்தது.

"மலைக்கு அந்தாண்ட பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்கம்மா," என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாவது பரீட்சை எழுத வேண்டியவள். அந்தக் கற்றையைச் சர்க்கரை மூட்டை மேல் வீசி எறிந்தேன். அத்தா அதை எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தார்.

இப்போது கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என் மகள் செல்போனில் இந்த மாதிரிக் கதைகளாகத்தான் படிக்கிறாள். "டிஸ்டோபியாம்மா... கொடுமக்கார ஊருங்களப் பத்தின கத, சும்மா கற்பனை. நெஜத்துல இப்பிடியெல்லாம் இருக்காது," என்றாள். எனக்கு வந்த கோபம் அவள் மேல் இல்லை.

போன மாசம் மலை பஸ்ஸிலிருந்து மலர் இறங்கினாள். கூடவே அவள் ஜாடையில் ஒரு பெண், கையில் விடுதியில் சாப்பிடும் எவர்சில்வர் தட்டோடு.

"எம் பொண்ணுடி. அதே ஹாஸ்டல்தான். இப்பவும் அதே ஒரு பக்கெட்டு. ஏன்னு கேட்டுச்சாம், ஒரு வாரம் வூட்டுல இருன்னு அனுப்பிட்டாங்க. அந்த ஒரு வாரம் இன்னிக்கு முடியுது. அதான் கையோட இட்டுக்கினு வந்துட்டேன்."

போகத் திரும்பியவள் நின்றாள்.

"ஆமா... அந்தப் பொண்ணு கடைசீல கதவத் தொறந்தாளா, இல்லியா?"

கடைசிக் கற்றை இன்னும் இருக்கிறது, தரட்டுமா என்று கேட்டேன்.

"படிக்க எங்க நேரம்? சொல்லு."

"அவ தொறக்கல மலரு. கதவாண்ட போறதுக்குள்ள புடிச்சிட்டாங்க. வெளியில இருந்த ஜனங்கதான் ஒடச்சிக்கினு உள்ள போனாங்க."

 மலர் மகள் கையிலிருந்த தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நான் அவதான் தொறப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி, இத்தினி வருஷமா."

விடுதித் தெருப்பக்கம் நடந்தாள். அன்றைக்கு நான் நூல் கட்டி அனுப்பியதோடு சரி. இந்தத் தடவை கடை ஷட்டரை இழுத்துவிட்டு, நானும் பின்னாலேயே போனேன்.