அரைப்பக்கச் செய்தியில் அம்மா

எங்கள் இசைக்குழுவைப் பற்றி முதன்முதலில் பத்திரிகையில் வந்த செய்தியை நான் கத்தரித்து வைக்கவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. மாசக் கடைசியில் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டேன்.

குழுவில் மூன்று பேர். நான் கீபோர்டு, பகலில் கணக்கு வாத்தியார். கிடார் வாசித்தவன் பக்கத்து ஊரான எரியோட்டுக்காரன், கல்லூரியில் இருந்தே என் கூட்டாளி, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான். டிரம்ஸ் வாசித்தவர் எங்கள் இரண்டு பேரையும்விட நல்ல மனுஷன், அதனால் இந்த விவகாரத்தில் அவருக்கு வேலை இல்லை. நாங்கள் வாசித்தது புரோக்ரெசிவ் ராக். ஒரு பாட்டு பதினான்கு நிமிடம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் பெண்ணின் தாய்மாமன் மேடையேறி, டெஸ்டிங் முடிந்துவிட்டால் பாட்டை ஆரம்பிக்கலாமே என்று பணிவாகக் கேட்டார். அதற்குள் நாங்கள் இரண்டு பாட்டு முடித்திருந்தோம்.

ஆனால் ஒரு பாட்டுக்கு மட்டும் எல்லோரும் அடங்கிப் போவார்கள். அதன் கடைசிப் பகுதியில் கிடாரும் டிரம்ஸும் ஓய்ந்து, கீபோர்டு தனியாக வரும். வயலின்கள் போலவும் இருக்கும், மாதா கோயில் ஆர்கன் போலவும் இருக்கும், உள்ளே யாரோ மூச்சு வாங்குவது போலவும் இருக்கும். அது என்ன சத்தம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கீபோர்டோடு கம்பெனியே கொடுத்தது என்று சொல்லிவிடுவேன்.

அது என் அம்மா. கடைசி வருஷம் நுரையீரல் பழுதாகிப் படுத்திருந்தாள். நாற்பது வருஷம் கோயில் பாடற்குழுவில் பாடியவள். மத்தியானங்களில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் மெதுவாக வாசிப்பேன். பாட முடியாமல், வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு சுரத்தை 'ம்' என்று பிடிப்பாள், மூச்சு இருக்கும்வரை. ஒருநாள் அதை போனில் பதிவு செய்தேன். மூன்றாம் நாள் போய்விட்டாள். அந்த ஒரு 'ம்'மை எடுத்து, வயலின் சத்தத்துக்கு அடியில் வைத்து, ஒவ்வொரு கட்டைக்கும் பொருத்த எனக்கு எட்டு மாதம் ஆனது. இது தெரிந்த ஒரே ஆள் கிடார்க்காரன். முதன்முதலில் கேட்டபோது கிடாரைக் கீழே வைத்துவிட்டு அழுதான். அம்மா கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவன். அந்த அழுகை பொய் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மதுரையில் இருந்து ஒரு பத்திரிகைக்காரப் பெண் எங்களைப் பற்றி எழுத வருவதாகச் சொன்னார், அதுவும் ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டில் ஒரு நியமம் உண்டு. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் கோயிலில் மணியும் ஆர்கனும் நின்றுவிடும், சனி ராத்திரிப் பூசைவரை எந்த வாத்தியமும் கிடையாது. அம்மா அதை வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தாள், ரேடியோகூடப் போட விடமாட்டாள். அவள் போன பிறகு நான் இன்னும் கறாராக இருந்தேன். திங்கட்கிழமை வாருங்கள் என்றேன். சனி சாயங்காலமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அந்தப் பெண்.

கிடார்க்காரன்தான் வழி சொன்னான். நான் தொட வேண்டாம், அவனே பேசி, வேண்டுமானால் இரண்டு கட்டை அழுத்திக் காட்டி அனுப்பிவிடுவானாம். என் நியமத்தை இவ்வளவு மதிக்கிறானே என்று உருகிப்போய்ச் சாவியைக் கொடுத்தேன். நாங்கள் பயிற்சி செய்தது அம்மாவின் அறையில். அவள் கட்டில் இன்னும் அங்கேதான் கிடந்தது. நான் கோயிலைப் பெருக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே அரைப்பக்கம் வந்தது. படத்தில் அவன் என் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். தாயை இழந்த மகன் அவள் கடைசி மூச்சில் இருந்து படைத்த ஒலி என்று எழுதியிருந்தது. அந்த மகன் அவன். அவனுடைய அம்மா அன்றைக்கு எரியோட்டில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

கேட்டதற்கு, பத்திரிகைக்காரர்கள் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றான். நம்பினேன். டிரம்ஸ்காரர் சந்தேகப்பட்டபோது சண்டைகூடப் போட்டேன். பிறகு அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, தவறு நேர்ந்துவிட்டது, திருத்திவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிருக்க வேண்டும். தவறு தன்னுடையது இல்லை என்று காட்ட, பேட்டியின் ஒலிப்பதிவை அனுப்பிவிட்டார்.

"இந்தக் கட்டில்லதான் எங்கம்மா படுத்திருந்தாங்க" என்கிறான் அவன். குரல் உடைகிறது. கீபோர்டு வாசிப்பவர் யார் என்று அந்தப் பெண் கேட்கிறார். "அவரு நான் சொல்றத நல்லா வாசிப்பாரு."

கடைக்குப் போனேன். ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை. பேச்சுவாக்கில் வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியதும் நிறுத்த முடியவில்லை என்றான். என் அம்மா அவனுக்கும் அம்மா மாதிரிதானே என்றும் சொன்னான். அறைந்திருக்க வேண்டும். கூட்டமாக இருந்தது, வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் அம்மா டவுன் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். செய்தியைப் பார்த்த சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கப் போன் செய்தார்களாம், அந்தப் போனை எடுத்ததே அவர்தானாம். சிரித்துக்கொண்டே சொன்னார். காபியைத் தொடவில்லை. அந்தச் செய்தியால் அவனுக்குச் சென்னையில் பெரிய மேடை கிடைத்திருப்பதாகவும், அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நிகழ்ச்சி என்றும் சொன்னார்.

"நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன், அப்பு. நீ யாருகிட்டயும் வாயத் தொறந்துறாத."

பெற்ற பாசம், என்ன சொல்வது. கீபோர்டு இல்லாமல் எப்படி வாசிப்பான் என்று மட்டும் கேட்டேன். அங்கே ஒரு பையன் வாசிக்கிறான், அந்தச் சத்தத்தைப் பேட்டி அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துக்கொண்டான், வீட்டில்கூடப் போட்டுக் காட்டினான் என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார்.

"முடியாதும்மா. அது எங்கம்மா" என்றேன்.

அவர் எழுந்து, அம்மாவின் அறை வாசலில் நின்று கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்தப் பெண் மறுபடி போன் எடுக்கவே இல்லை. ஆறு மணி தாண்டியும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். சென்னையில் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதி வந்திருக்கும். முகம் தெரியாத ஒருவன் விரலை வைத்திருப்பான், அம்மாவும் மூச்சைப் பிடித்துப் பாடியிருப்பாள். வாசிப்பது நான் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?