நண்டு மாதிரி ஒரு மேப்பிள் இலை

2006ஆம் ஆண்டு ஒக்டோபர். மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பகுதியில் மேல்மாடி வீடொன்றில் குடியிருந்தோம். நன்றியறிதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மேப்பிள் இலை வடிவப் பிஸ்கட்டுகளைச் சுட்டு ஆறவைத்துவிட்டுக் குப்பைப் பையோடு வெளியே போன என் மனைவி, வெளிப்படியில் ஈர இலை ஒன்றை மிதித்து விழுந்தாள். வலது மணிக்கட்டில் வெடிப்பு. இந்த ஊர் ஆஸ்பத்திரிகளின் வேகம் தெரிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்: கையில் பிளாஸ்டரோடு நாங்கள் வீடு திரும்பியது மறுநாள் காலை.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் நன்றியறிதல் விருந்தில் தமிழர் பங்கு என்றால் றோல்ஸ், வடை. இனிப்பு மேசை கியூபெக் பெண்களுடையது. அங்கே நாங்கள் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறோமே தவிர, கொண்டுபோய் வைத்ததில்லை. மனைவி மாலை வகுப்பொன்றில் ரோயல் ஐசிங் என்னும், காய்ந்து இறுகும் சீனிப்பூச்சைப் பழகியதைக் கேள்விப்பட்டு, அந்த வருடம்தான் முதன்முதலாக அவளிடம் இனிப்புக் கேட்டிருந்தார்கள்.

வந்ததும் வராததுமாக இடது கையால் தொலைபேசியை எடுத்தாள்.

“ஏலாது எண்டு சொல்லிப்போடுறன். இனி என்னைக் கேக்கமாட்டினம்” என்றாள், என் முகத்தைப் பாராமல்.

நான் தொலைபேசியைப் பிடுங்கி வைத்தேன்.

“துறைமுகத்திலை கொன்டெய்னர் லொறி ரிவேர்ஸ் எடுக்கிறவன் நான். ஒரு பிஸ்கட்டுக்குப் பூச்சுப் பூச ஏலாதோ? நீர் போய்ப் படும்.”

“உங்கட லொறியை விட உங்கட வாய் நீளம்” என்றுவிட்டு, வலி மாத்திரையின் மயக்கத்தில் படுத்துவிட்டாள்.

அவள் கண்ணை மூடியதும் என் வீரமும் மூடிக்கொண்டது. முட்டையின் வெள்ளைக்கருவும் ஐசிங் சீனியும் சேர்த்து அடிப்பது என்பதுவரை தெரியும். அடித்தேன். ஆனால் காய்ச்சாத சீனி எப்படி இறுகும்? பாகில் மாக்குழைத்துப் பொரிக்கும் அரியதரம் சாப்பிட்டு வளர்ந்த மூளை என்னுடையது. சீனி என்றால் பாகு, பாகு என்றால் அடுப்பு. மனைவி மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டாள் என்றே நினைத்து, தாச்சியில் ஊற்றி நெருப்பைக் கூட்டினேன். இறுகியது. நான் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இறுகியது. இனிப்பு ஒம்லெட்.

மணத்துக்கு மனைவி எழும்பி வந்தாள். தாச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஐசிங்கை அடுப்பிலை வைச்ச முதல் மனிசன் நீங்கள்தான். ஐயோ, சிரிக்கக் கை நோகுது, அங்காலை போங்கோ!”

வியர்த்த முகத்தோடு மூலைக்கடை டெப்பனருக்கு ஓடி, முட்டையும் ஐசிங் சீனியும் வாங்கி வந்தேன். இம்முறை அவள் கதிரையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். செம்மஞ்சள் நிறம் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இலையின் மேல் ஊற்றினேன். அது இலையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, என் காற்சட்டைக்கு வந்து சேர்ந்தது.

“வரம்பு கட்டாமல் வயலுக்குத் தண்ணி விட்டா நிக்குமோப்பா? முதல் தடிப்பான ஐசிங்காலை ஓரத்தைக் கட்டுங்கோ. காஞ்சாப் பிறகு உள்ளுக்கு விடுங்கோ.”

சரி, வரம்பு. ஐசிங் பிழியும் கூம்புப் பையைப் பிடித்ததும் கை ஆடத் தொடங்கியது. நுனியை உற்றுப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆடியது. முதல் இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்த மனைவி கேட்டாள்:

“இது இலையோ, நண்டோ?”

“நீர் கதையாமல் இரும்!” என்றேன். ஆனால் அவள் சிரிப்புக்கு நடுவே கண் ஒருமுறை தொலைபேசிப் பக்கம் போய் வந்ததைக் கண்டேன். அதுதான் என்னைச் சுட்டது. இந்த இலைகள் நாளைக்கு அந்த மேசையில் இருந்தே தீரும் என்று முடிவுகட்டினேன்.

அப்போதுதான் உறைத்தது. லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது நான் சக்கரத்தையா பார்க்கிறேன்? போய் நிற்க வேண்டிய இடத்தையல்லவா பார்க்கிறேன்! பையின் நுனியை மறந்தேன். கோடு போய்ச் சேர வேண்டிய இலை முனையைப் பார்த்தேன். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. கோடு மட்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. அடுத்த முனை. அதற்கடுத்த முனை. மனைவியும் பகிடியை நிறுத்திவிட்டு, இடது கையால் பல்குத்தும் குச்சியைப் பிடித்து ஐசிங்கில் எழும்பிய குமிழிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மழை. ஐசிங் காயவில்லை. என் கண் மெல்ல, பிஸ்கட் சுட்ட வெதுப்பியின் பக்கம் போனது.

“அடுப்புப் பக்கம் போனீங்களோ, இந்தப் பிளாஸ்டராலை அடிப்பன்!”

குளிர்காலம் வாசலில் நிற்கும் அந்த மாதத்தில் காற்றாடியைப் போட்டுவிட்டு, இருவரும் ஜக்கெட் மாட்டிக்கொண்டு காவல் இருந்தோம்.

ஞாயிறு பூசை முடிந்து இனிப்பு மேசையில் தட்டை வைத்தோம். மேசைக்குப் பொறுப்பான அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு இலையாகப் பார்த்தார். நண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். தப்பியோடக் கதவு எந்தப் பக்கம் என்று தேடினேன். அவர் அதைக் கடித்துச் சாப்பிட்டு முடித்து, டிசம்பரில் நத்தார் பிஸ்கட்டும் நீங்களே செய்வீர்களா என்று பிரெஞ்சில் கேட்டார். மனைவி என்னைத் திரும்பியும் பார்க்காமல் “வீ, வீ” என்று ஓம் போட்டாள். பிளாஸ்டர் கழற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

இப்போதும் ஏதாவது பெரிய வேலையைக் கண்டு கை உதறினால், அதை நிறுத்தப் பாடுபடுவதில்லை. அதன் பாட்டுக்கு அது ஆடட்டும், போய் நிற்க வேண்டிய இடத்திலிருந்து என் கண் விலகாமல் இருந்தால் போதும்.