தொலைக்காட்சியில் போர், வீட்டுக்குள் காய்ச்சல்

எங்கள் ஊரில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அதைப் போர்க்கால அடிப்படையில்தான் சுத்தம் செய்வார்கள். அதாவது, பேப்பரில். நேரில் இரண்டு பேர் கம்பியோடு வந்து குத்திவிட்டுப் போவார்கள். அதனால் கொரோனா வந்த வருடம் தொலைக்காட்சியில் போர், போர் என்று கத்த ஆரம்பித்தபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தறியில் உட்கார்ந்தபடியே செய்தி வாசிப்பவர்களோடு சண்டை போடுவது என் பழக்கம். "எந்த ஊரு போருப்பா இது, ஊட்ல பட்த்துகினு ஜெயிக்கிற போரு?" என்று கேட்பேன். பக்கத்தில் உட்கார்ந்து தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குப் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருக்கும் என் மனைவி, "அவனுக்கா கேக்கப் போவுது? எனக்குத்தான் காது வலிக்குது" என்பாள்.

நாள் போகப் போக கிண்டல் செய்ய வாய் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத எதிரி என்றார்கள். தெரியாத எதிரியை எப்படிப் படம் பிடிப்பது? கேமராவுக்கு எதையாவது காட்டியாக வேண்டுமே. நோய் வந்தவனைக் காட்டினார்கள். 'மார்க்கெட்டில் பதுங்கியிருந்தவர் சிக்கினார்.' 'தப்பி ஓடியவருக்கு வலைவீச்சு.' அந்த ஆளுக்கு இருந்தது காய்ச்சலும் இருமலும். கேட்டால் கொலைக் கேஸ் மாதிரி இருந்தது. ஊரடங்கு என்பதும் கலவரம் நடந்தால் போடுகிற உத்தரவுதான். கலவரம் செய்தவன் யார் என்று தேட ஆரம்பித்தால் இருமுகிறவன்தான் கண்ணில் படுவான். எங்கேயோ ஒரு தெருவின் வாயில் தகரம் அடித்து அடைத்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். தகரத்துக்கு மேலே ஒரு பெண்ணின் தலை மட்டும் தெரிந்தது. பால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சேவூரில் எங்கள் தெரு முழுக்கக் கைத்தறி. ஆரணி ரோட்டில் பஸ் நின்றுபோனது. பக்கத்துத் தெரு பவர்லூமும் உத்தரவுப்படி நின்றது. தறியில் பாவு நூல் மிச்சமிருந்த வீடுகளில் மட்டும் தறி ஓடியது. அந்த அமைதியில் எந்த வீட்டுத் தறி ஓடுகிறது, எது நிற்கிறது என்று படுத்துக்கொண்டே சொல்லிவிடலாம். ஒரு தறி அரை நாள் நின்றால் எதிர்ச்சாரியிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள், "இன்னாப்பா, ஒடம்பு சரியில்லியா?" என்று. காலம்காலமாக இருக்கும் பழக்கம். எனக்கு அது எப்போதும் பிடிக்கும். அந்த வருடம் மட்டும், அப்படி யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இருந்தது.

ஒரு மத்தியானம், ரசத்தில் உப்பே இல்லை என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது போலும், என் முகத்தையே பார்த்தாள். சாயங்காலம் உடம்பு கொதித்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"போனா தெருவுக்கே தகரம் அட்ச்சிடுவானுங்க. நாளைக்கு டிவில என் மூஞ்சிதான். கம்முனு இரு."

"தறி நின்னா எதிர் வூட்டு அண்ணன் கேப்பாரே?"

மறுநாள் காலை அவளே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தாள். தறி வேலை அவளுக்குத் தெரியாததல்ல, நான் டீ குடிக்க எழுந்தால் நாலு ஊடை, அதாவது குறுக்கு நூல், ஓட்டி அடித்து வைப்பாள். நான் உள்ளறையில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தறி ஓடுகிறது, அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரு நினைத்துக்கொள்ளும். அப்படித்தான் நம்பினோம். டிவியையும் அணைக்கவில்லை. தினமும் கத்திக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் அதுவும் சந்தேகமாகிவிடுமே.

ஆக, ஒரு பக்கம் தறிச் சத்தம், மறுபக்கம் போர். நடுவில் நான். யாரோ ஒருவர் கொரோனாவோடு போராடித் தோற்றார் என்றார்கள். இன்னொருவர் போராடி வென்று கைதட்டலோடு வீடு திரும்பினார் என்றார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் நான் எதுவுமே போராடவில்லை. படுத்துக் கிடந்தேன். கஷாயம் கொடுத்தால் குடித்தேன், பாதியை வாந்தி எடுத்தேன். போராடுகிறவன்தான் பிழைப்பான் என்றால் எதைக் கொண்டு, எப்படிப் போராடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் உடம்பில் அந்தத் துணிச்சல் இல்லை, நான் தோற்கிற ஜாதி என்று தோன்றி, கம்பளிக்குள்ளேயே அழுதேன். அழுதால் மூச்சு வாங்கியது. அதற்குப் பயந்து அழுகையையும் நிறுத்தினேன்.

பிறகு அழாமலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'தண்ணி குடு' என்பதை இரண்டு மூச்சில் சொன்னேன். மனைவி கேட்டால் தூக்கக் கலக்கம் என்று மழுப்பினேன். சாவைவிட அந்தத் தகரத்துக்குத்தான் அதிகம் பயந்தேன் என்று இப்போது சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை.

ஒரு நாள் தறி பாதியில் நின்றது. அவள் உள்ளே வந்து, ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் என் உதட்டைப் பார்த்தாள். "நீலமா கீதுங்க" என்றாள். போனை எடுத்தாள். வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தேன், கை எழவில்லை.

"தகரம் அடிக்கட்டும். டிவில காட்டட்டும். அவுங்க போரை அவுங்களே வெச்சிக்கட்டும், எனக்கு நீங்க வேணும்" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

வண்டி வந்தபோது தெருவே வாசலில் நின்றது. கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது முகத்தை மூடிக்கொள்வார்களே, அப்படி நான் துண்டால் மூடிக்கொண்டேன். யாராவது செல்போனில் படம் எடுக்கிறார்களா என்று துண்டின் சந்தில் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் போரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூக்கில் குழாயை வைத்துக்கொண்டே நர்சம்மா, "எப்போலருந்து மூச்சு வாங்குது? இவ்ளோ நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். "பயந்துகினு இருந்தேன்" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. குப்புறப் படுக்கச் சொன்னார்கள், மூச்சை மெதுவாக இழுக்கச் சொன்னார்கள். செய்யக்கூடிய வேலையாக ஒன்று கிடைத்ததே எனக்குப் பாதித் தெம்பைத் தந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். மனைவிக்கும் லேசாக வந்தது, அவளையும் அங்கேயே வைத்திருந்து குணமாக்கினார்கள்.

நாங்கள் வீடு திரும்பியபோது தெருவில் தகரம் அடித்து, எடுத்தும் விட்டிருந்தார்கள். கம்பு நட்ட குழிகள் மட்டும் இருந்தன. எதிர் வீட்டு அண்ணன் தன் வாசலில் நின்றபடி நலம் விசாரித்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர், பழுத்த தறிக்காரர். தெருவுக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம், மறைத்ததற்கு மன்னிக்கணும் என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பா மறைச்ச? மொத நாளே தெரியும்" என்றார். "நீ ஒரு ஊடைக்கு ரெண்டு அடி அடிப்ப. உங்கூட்டு அம்மா ஒரே அடி. தறிக்காரன் தெருவுல இது யாருக்குப்பா கேக்காது?"

பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களை அதே தறிச் சத்தத்தால் ஏமாற்றப் பார்த்திருக்கிறோம். எப்பேர்ப்பட்ட புத்திசாலிகள்! சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் அதைக் கேட்டேன்: "தெரிஞ்சுமா ஒரு கொரல் குடுக்கல?"

"இன்னா பேசற நீ? காட்டிக் குட்த்தவன்னு பேர் வாங்கச் சொல்றியா?" அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "தெருவே பேசி வெச்சிகினோம், ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு. காய்ச்சல் கணக்கெடுக்க வந்தவங்க கேட்டதுக்கு, இங்க யாருக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிட்டோம். உன்ன வுட்டுக் குடுப்போமா?"

பெருமையாகத்தான் சொன்னார். அதில் துளியும் பொய் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டேன். டிவியில் நடந்த போரில் எங்கள் தெருவும் ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. என் பக்கம். அவ்வளவு பிரியமான ஜனங்கள் என் பக்கமாகவே நின்று, என்னைக் காட்டிக் கொடுக்காமலே, சாக விட்டிருப்பார்கள். நானும் அதே தெருக்காரன். அவருக்கு வந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

"அண்ணா, நாளைக்கு உங்க தறில அடி மாறிச்சின்னா நான் இன்னா பண்றது?" என்று கேட்டேன்.

அவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், திரும்பித் தன் வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே அவர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வந்து கதவைத் தட்டு" என்றார். பிறகு, நான் எங்கே தட்டாமல் இருந்துவிடுவேனோ என்று பயந்தவர் மாதிரி, "கிட்ட வர பயமா இருந்தா தூர நின்னு கல்லு வுட்டாவது தட்டுப்பா" என்றார்.