படிக்கிறவள் எதற்குச் சிரிக்கிறாள்?

“படிக்கிறவ எதுக்கும்மா சிரிக்கிறா?”

பெரியப்பா இதை என்னிடம் கேட்கவில்லை. என்னை எதிரில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார். நெல் கொள்முதல் நிலையத்தில், எங்கள் குவியலுக்கும் பக்கத்து ஊர்க்காரர் குவியலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குறுவை அறுத்து நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தோம். ஈரம் அதிகம், எடுக்க மாட்டோம் என்றார்கள். வெயில் அடித்தால் தார்ப்பாயை விலக்கிக் களத்தில் பரப்புவதும், மேகம் திரண்டால் ஓடிப்போய் மூடுவதுமாக வீட்டில் முறை வைத்துக் காவல் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பகல் என் முறை. மற்ற நாட்களில் நான் கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

பரப்பிய நெல்லை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். அதற்குக் கால் போதும். பாதத்தைத் தூக்காமல், நெல்லுக்குள் இழுத்து இழுத்து ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தால் ஏர் ஓட்டியதுபோல் வரி வரியாகப் புரண்டுவிடும். கை சும்மாதானே இருக்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் என் வாசிப்புக் கருவி. கால் நெல்லில், கண் கதையில். அந்தக் கருவியை நான் வாங்கியதே இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். வெயிலில் போனைப் பிடித்தால் நம் முகம்தான் தெரியும். இதில் வெயில் ஏற ஏற எழுத்து கறுத்துத் தெளியும், காகிதத்தில் அச்சடித்ததுபோல. பேச முடியாது, படம் எடுக்க முடியாது, பாட்டு வராது. பக்கம் திருப்பினால் ஒரு கணம் திரை முழுக்கக் கறுத்து, அடுத்த பக்கம் மெதுவாக மேலே வரும். ஒரு சொல் புரியாவிட்டால் அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் அர்த்தம் சொல்லும். இது உங்களுக்குச் சின்ன விஷயமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பள்ளியில் படித்த காலத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க வீட்டில் எனக்கு யாரும் இருந்ததில்லை.

அன்று நான் சிரித்தது உண்மை. கதை அப்படி. ஒரு மாமியார், மருமகளோடு இனிமேல் பேசுவதில்லை என்று சாமி முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்துவிடுகிறாள். ஆனால் பேசாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பசுவிடம் சொல்கிறாள். “ஏ மாடு, குழம்புல உப்பு இல்லைன்னு அவகிட்ட சொல்லு.” மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. “ஏ மாடு, உப்பு வாங்கிட்டு வரச்சொல்லி அவங்க மகன்கிட்ட சொல்லச் சொல்லு.” கடைசியில் மகன் பசுவை விற்றுவிடுகிறான். இரண்டு பேரும் காலித் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடத்தில் குடை சாயும்படி சிரித்துவிட்டேன்.

அதே களத்தில், வேப்பமர நிழலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, பெரியப்பா காலையிலிருந்து போனில் வீடியோ பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் சாலைவரை கேட்டது. எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

அவர் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிவதால் கோபம் குறையவில்லை, கூடுகிறது. எங்கள் வீட்டில் படிப்பு என்றால் பரீட்சை. நான் புத்தகத்தோடு இருந்தபோதெல்லாம் அவர்கள் பார்த்தது சுருங்கிய நெற்றியும், மனப்பாடம் செய்ய முணுமுணுக்கும் உதடும்தான். படிக்கிறவள் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். படிக்கிறவளுக்குத் தூக்கம் வர வேண்டும். சிரிப்பு வந்தால் அது படிப்பாக இருக்க முடியாது. அப்படியென்றால் அந்தக் கருவிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவன் இருக்கிறான்.

அன்று மாலை பெரியப்பா எங்கள் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். ஒரே வாசல், இரண்டு அடுப்பு உள்ள வீடு எங்களுடையது. அப்பா குவைத்தில் கட்டட வேலையில் இருப்பதால், எங்கள் அடுப்பில் என்ன கொதிக்க வேண்டும் என்பதையும் பெரியப்பாதான் முடிவு செய்வார்.

“எதைப் பாத்து சிரிச்சியோ அதைப் படி. நாங்களும் கேக்குறோம்” என்றார்.

மறுத்திருக்க வேண்டும். ஆனால் படித்துக் காட்டினால் முடிந்துவிடும் என்று நம்பினேன். கதையை முதலிலிருந்து வாசித்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடி தலையை நிமிர்த்தவே இல்லை. பெரியப்பா, கோர்ட்டில் வாக்குமூலம் கேட்பவர்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விசாரணைக்கு உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால் எந்த வேடிக்கையும் செத்துப்போகும். என் குரலே எனக்குப் பொய் சொல்வதுபோல் இருந்தது. பசுவை விற்ற இடம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

“இதுல சிரிக்க என்னா இருக்கு? மாட்ட வித்துட்டான். அவ்வளவுதானே” என்றார் பெரியப்பா. பிறகு கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. திரையை அணைத்தேன். அதைத் திறக்க எண்கள் கேட்கும் என்பது அப்போது நான் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

“புஸ்தகத்துக்கு எவனாவது பூட்டுப் போடுவானா?”

நான் போட்டிருந்தேன். என் துணிகள் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன. என் சான்றிதழ்கள் பெரியப்பாவின் பீரோவில் இருக்கின்றன. என் போனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், பார்க்கிறார்கள். அந்த வீட்டில் நான் பூட்ட முடிந்த ஒரே பொருள் அது. அதனால் பூட்டினேன். உள்ளே ஒளிக்க ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை பாபநாசத்தில் கும்பகோணம் பேருந்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பைக்குள் கையை விட்டேன். சாப்பாட்டு டப்பா இருந்தது, தண்ணீர் பாட்டில் இருந்தது. கருவி இல்லை. நான் குளிக்கும்போது எடுத்திருக்கிறார்கள். பெரியப்பா எங்கள் சமையலறைக்குள் வர மாட்டார். என் பை அங்கேதான் மாட்டியிருந்தது. யார் எடுத்துக் கொடுத்தது என்று யோசிக்கத் தேவையே இல்லை. அன்று ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரே தொகையை இரண்டு முறை ஏற்றி, ஆடிட்டரிடம் திட்டு வாங்கினேன்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கருவி தின்பண்டத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. பெரியப்பா அதை ஒரு போன் கடைக்குக் கொண்டுபோயிருந்தார். கடைக்காரர் சிம் போடும் இடத்தைத் தேடியிருக்கிறார். இல்லாத இடத்தைத் தேடி ஊசியால் குத்தியதில், சார்ஜ் ஏற்றும் துளை ஒரு பக்கம் நெளிந்திருந்தது. பூட்டைத் திறக்கத் தெரியாமல், எங்கோ பார்த்து, மொத்தத்தையும் அழித்துப் புதிதாகத் திறந்திருக்கிறார். எந்த மொழி வேண்டும் என்று முதல் நாள் கேட்டதுபோல் கேட்டுக்கொண்டு நின்றது திரை. காசு கொடுத்து வாங்கிய நூல்கள் திரும்ப வந்துவிடும். கேபிள் மாட்டி நானே ஏற்றிய பழைய நூல்கள் போயின. பேருந்தில், களத்தில், மின்சாரம் போன மழை நாட்களில், பிடித்த வரிகளுக்கு அடியில் நான் இழுத்த கோடுகளும், பக்கத்தில் எழுதிவைத்த வார்த்தைகளும் போயின. நான் அழவில்லை. அவர் எதிரில் அழுவதாக இல்லை.

“கடைக்காரன் நல்லாத்தான் பாத்தான். இதுல சிம்மே இல்லையாம்” என்றார் பெரியப்பா.

சந்தேகம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. “ஆனா வைஃபை இருக்காம். அது இருந்தா எவன்கிட்ட வேணும்னாலும் பேசலாமாம். இந்த மாசத்தோட வேலைய விட்டுரு. தைக்குள்ள ஒரு எடம் பாத்துருவோம்.”

எதுவும் கிடைக்காததே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. இருந்தால் இருக்கிறது என்பார், இல்லாவிட்டால் அழித்துவிட்டாள் என்பார். கடைக்காரர் அழித்ததற்கும் நானே பொறுப்பு.

“பெரியப்பா, நீங்க நேத்து களத்துல யாருகூட பேசிச் சிரிச்சீங்க?” என்று கேட்டேன். “உங்க போனைக் கொடுங்க. நானும் கடையில கொடுத்துப் பாக்குறேன்.”

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, “படிக்கவச்சதுக்குக் கெடச்ச மரியாதை” என்று சொல்லிவிட்டுத் தன் பக்கம் போய்விட்டார். அவர் படிக்கவைக்கவில்லை. அம்மா நடவுக்குப் போன கூலியிலும் அப்பா வெயிலில் சுமந்த சிமெண்டிலும் நான் படித்தேன். அதை அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். கேட்டிருக்கும்.

வீடியோ அழைப்பில் வந்த அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், “பெரியப்பா சொன்னா நல்லதுக்குத்தாம்மா இருக்கும்” என்றார். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

அம்மாவோடு நான் பேச்சை நிறுத்தினேன். பெரியப்பா அந்நியர்போல் நடந்துகொண்டது எனக்கு ஆச்சரியம் இல்லை. என் பைக்குள் நுழைந்தது அம்மாவின் கை. அந்தக் கையால் போட்ட சோற்றைத் தின்றேன், பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. வேலையை விடப்போவதில்லை என்று காட்ட, தினமும் அதே பேருந்துக்குப் போனேன். யாரும் கதவை மறிக்கவில்லை. மாதம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு மாலை, கொல்லையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். கருவியின் ஒயரைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும் என்று கண்டுபிடித்து, நூல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா ஆட்டுக்கு அகத்திக்கீரை கட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. ஆட்டின் காதருகே குனிந்தாள்.

“ஏ ஆடு, கொழம்பு ஆறிப்போவுது. வந்து திங்கச் சொல்லு அவள.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கீரை ஆய்ந்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள், மாமியார் கதையை ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறாள். அன்று சிரிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கிறாள், பெரியப்பா இருந்தார் என்பதற்காக. சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்று இவள் ஒரு முறை சிரித்திருந்தால் போதுமே. ஒரு தாய் சிரித்துவிட்டால் அது கதை என்று ஊரே ஒத்துக்கொண்டிருக்கும்.

“ஏ ஆடு” என்றேன். “என் பைக்குள்ள கை விட்டது ஏன்னு அவங்கள கேளு.”

அம்மா கட்டிய கீரையை மறுபடி அவிழ்த்தாள். திரும்பவும் கட்டிக்கொண்டே ஆட்டிடம் சொன்னாள்: “எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல என்னா இருக்குன்னு யாரைக் கேட்டு நான் தெரிஞ்சுக்கிறதுன்னு சொல்லு.”

என்னைக் கேட்டிருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அம்மாவை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். அது இன்னும் நடக்கவில்லை. அன்று பகல் எங்கள் ஆடிட்டர் மீண்டும் ஒரு முறை கேட்டிருந்தார், தஞ்சாவூர்க் கிளைக்கு யாராவது போகிறீர்களா என்று. ஒவ்வொரு முறையும் வீட்டில் விட மாட்டார்கள் என்று சொல்லித் தலையைக் குனிந்தவள் நான்தான். இந்த முறை குனியவில்லை, போகிறேன் என்றேன்.

“ஏ ஆடு, தஞ்சாவூருக்கு மாத்தல் வாங்கிட்டேன்னு சொல்லு. லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கப்போறேன்.”

ஆடு கீரையை மென்றது. அம்மாவின் தோள் ஆடியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. திரும்பியபோது இரண்டும் இருந்தது.

“எப்பன்னு கேளு” என்றாள் ஆட்டிடம். அப்புறம் தாழ்ந்த குரலில், ஆட்டை விட்டுவிட்டு நேராக என்னிடம், “அங்க போயி சத்தமா சிரி” என்றாள்.

பெரியப்பாவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. அவர் தைக்குள் இடம் பார்க்கத் தரகரிடம் சொல்லிவைத்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை. பெரியம்மாவிடம் சாவி கேட்டு, அவர் பீரோவிலிருந்து என் சான்றிதழ்களை அம்மாதான் எடுத்து வந்து, என் பைக்குள் வைத்துவிட்டாள். இந்த முறையும் நான் குளிக்கும்போதுதான்.

நேற்று சனிக்கிழமை. அலுவலகம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் தஞ்சாவூர் பேருந்தில் ஏறினேன். விடுதியில் என் பெயரை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜன்னலோரக் கட்டிலைக் கேட்டு வாங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி. அடுத்த மாதம்தான் குடிவரப் போகிறேன், அதனால் துணி எதுவும் கொண்டுபோகவில்லை. கருவியை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு கடைசிக்கு முந்தின பேருந்தில் ஊர் திரும்பினேன்.